இரவல் சாட்சி

தொண்டை கிழியக் கத்தி ஜெபம் செய்கிறவர்களுக்குக் கடவுள் செவிடு என்று ஒரு எண்ணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு?

என் தம்பி டிரம்ஸ் வாசித்த குழுவின் பெயர் 'ஏழு மடங்கு அக்கினி'. வேதத்தில் ஒரு ராஜா மூன்று வாலிபர்களைக் கட்டிச் சூளையில் போடுகிறான். சூளையை ஏழு மடங்கு சூடாக்கச் சொல்கிறான். எட்டிப் பார்த்தால் உள்ளே நாலு பேர் உலாவுகிறார்கள், நாலாவது ஆள் தேவபுத்திரனைப் போல இருக்கிறார். இவர்களும் நாலு பேர். அந்த நாலாவது ஆள் தான்தான் என்று இவர்களில் மூன்று பேர் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்காதவன் என் தம்பி ஒருவன்தான்.

பாடகனுக்குச் 'சிங்கம்' என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆண்டவர் கனவில் வைத்தார் என்பான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "இப்ப தெளிவா தெரியுதா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கிற வேலை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. முப்பத்தொரு வயதாகியும் சட்டைக்கு இஸ்திரி போடுவது அம்மாதான். மேடைக்கென்று கத்தரியால் கிழித்த ஜீன்ஸில், கிழிசல் மேலும் பிரிந்துவிடக் கூடாது என்று அந்த அம்மா ஓரம் மடித்துத் தைத்திருந்தாள்.

கிதார் வாசித்தவன் போதகரின் மருமகன். சபை மண்டபத்தின் சாவி கிடைத்தது அதனால்தான், வாசிப்பினால் அல்ல. பேஸ் வாசித்தவன் பிரிட்ஜ் மெக்கானிக். அவன் ஒரே கம்பியை ஒரே மாதிரி உறுமவிட்டுக்கொண்டிருப்பான். பிரிட்ஜும் அதைத்தான் செய்கிறது என்பதால் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

என் தம்பி குடிகாரன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் குடித்தான். கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை மறைத்து வைப்பான். ஒரு நாள் அதைப் பிடுங்கப் போன என்னை மாடிப்படியில் தள்ளிவிட்டான். என் வலது மணிக்கட்டு உடைந்தது. நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். கை போனால் பிழைப்பு போனது. என் கையில் மாவுக்கட்டைப் பார்த்த அன்றைக்கு அவனாகவே நடந்து போய்ச் சிகிச்சை மையத்தில் சேர்ந்தான்.

வெளியே வந்தபோது அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னார்: "அவர் கையச் சும்மா விட்டுடாதீங்கம்மா. சும்மா இருக்கிற கை பழைய இடத்தத்தான் தேடிப் போகும்." பள்ளிக்கூட நாட்களில் டிரம்ஸ் கற்றவன் அவன். சபையில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து சேர்ந்தான். அவன் குடிக்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை. அதற்காகப் பேயே வந்து பாடுகிறேன் என்றாலும் என் பட்டறையின் பின்னறையைத் திறந்துவிட்டிருப்பேன்.

திறந்துவிட்டேன். சுவரோரம் பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மூட்டைகளை அடுக்கி நடுவில் டிரம்ஸைப் போட்டார்கள். தம்பி இரண்டு காலாலும் மிதிக்க ஆரம்பித்தால் என் மேசையில் மெழுகில் நிறுத்திய பற்கள் ஒவ்வொன்றாக நகரும். யாரோ ஒரு பெரியவருக்குக் கோரைப்பல் கோணலாகப் போனதற்கு ஆண்டவரின் துதிதான் காரணம். சிங்கம் பாடுவது மனிதக் காதுக்குப் புரியாது. அடைத்துக்கொண்ட குழாயைக் குச்சி விட்டுக் குத்தினால் வருமே, அந்தச் சத்தம். அதனால் பாட்டு வரிகளை அச்சடித்துக் கூட்டத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுவார்கள். திட்டவில்லை, துதிக்கிறான் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

முதல் நிகழ்ச்சி சபை மண்டபத்தில் நடந்தது. இரண்டு பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூப்பர் ஒருவர் எழுந்து வெளியே போனார். மூன்றாவது பாட்டில் மருமகனின் கிதாரில் கம்பி அறுந்தது. மாட்டி முடிக்கிற வரைக்கும் ஏதாவது பேச வேண்டும். போதகர் முன் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "உங்க சாட்சியச் சொல்லுங்க தம்பி!"

எப்படிப்பட்ட பாவியாக இருந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கி எடுத்தார் என்று சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். சிங்கத்திடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அம்மா கொடுத்த பாலைக் குடிக்காமல் கொட்டியதா? அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் விழித்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "தண்ணித் தொட்டிக்குள்ள பாட்டில ஒளிச்சு வெச்சவன் நான்."

கடைசி வரிசையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டில், மாடிப்படி, தள்ளியது, உடைந்த கை, மாவுக்கட்டு. ஒன்றையும் விடவில்லை. ஒரு ஜெபத்தின்போது தம்பி அழுதுகொண்டே இவனிடம் மட்டும் சொன்னதெல்லாம் அப்படியே வந்தது. அக்காவை மட்டும் அம்மாவாக மாற்றியிருந்தான். அவனுக்கு அக்கா கிடையாது. காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே போன மூப்பர் திரும்பி வந்து அழுதார். நாலாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் பின்னறையில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்தவன் கதைய எடுத்து உன் கதைன்னு சொல்றியே, வெக்கமா இல்ல?"

"அக்கா, கோவப்படாதீங்க. தம்பியோட சாட்சி இன்னும் முடியலக்கா. பத்து மாசம்தான் ஆகுது. நாளைக்கே விழுந்துட்டான்னா ஆண்டவருக்குத்தானே கெட்ட பேரு? நான் சொன்னா விழறதுக்கு வாய்ப்பே இல்ல பாருங்க."

உண்மைதான். ஏறாதவன் எங்கிருந்து விழுவான்? நான் தம்பியைப் பார்த்தேன். அவன் டிரம்ஸின் தோலை முறுக்கிச் சரிசெய்துகொண்டே, "விடுக்கா. நான் சொல்லாம தப்பிச்சேன்னு இருக்கு" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சிங்கம் அள்ளி அள்ளி ஊற்றினான். ஒவ்வொரு சபையிலும் பாவம் ஒரு படி ஏறியது. பாட்டில் ஊசியானது. ஊசி போதவில்லை என்று சுடுகாட்டில் சாத்தானைக் கும்பிட்டதாக ஆனது. ஆறாவது மாதம் கருப்புப் பூனையைப் பலி கொடுத்து அதன் ரத்தத்தைக் குடித்துவிட்டிருந்தான். எந்த ஊரில் எதுவரைக்கும் சொன்னோம் என்று மருமகன் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான், மறுபடி அங்கே போகும்போது பாவம் குறைந்துவிடக் கூடாதே! மாடிப்படி மட்டும் எல்லா ஊரிலும் இருந்தது. ஜனங்கள் அழுவது அந்த இடத்தில்தான்.

"அம்மா விழற இடத்துல ஒரு உருட்டு போடுப்பா" என்று சிங்கம் கேட்டுக்கொண்டான். தம்பி போட்டான். மெல்ல ஆரம்பித்து, படி படியாக இறங்கி, கடைசியில் ஒரு அடி. அந்தக் கடைசி அடி என் மணிக்கட்டு. வாரத்துக்கு மூன்று மேடையில் அவன் என்னைத் தள்ளிவிட்டான். கைதட்டல் சிங்கத்துக்கு.

ஒலித்தட்டு வந்தது. கருப்புச் சட்டை போட்ட பையன்கள் நெஞ்சில் நெருப்புப் படத்தோடு தெருவில் திரிந்தார்கள். டிரம்ஸ் சாத்தானின் வாத்தியமா இல்லையா என்று சபைகளில் சண்டை நடந்தது, சண்டை நடக்க நடக்கக் கூட்டம் கூடியது. நானும் சும்மா இருக்கவில்லை. சுவரொட்டி ஒன்றைப் பட்டறைக் கதவில் ஒட்டினேன். அதில் தம்பியின் முகம் சிங்கத்தின் தோளுக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும். அச்சு கொண்டுவரும் ஆட்களிடம் அந்த நகத்தைத் தொட்டுக் காட்டுவேன்.

இரண்டாவது வருஷம் எங்கள் ஊர்க் கண்காட்சி மண்டபத்தில் பெரிய எழுப்புதல் கூட்டம். சனிக்கிழமை பகல் பதினொரு மணி. நாலாயிரம் நாற்காலி. நான் வேலை செய்து கொடுக்கும் பல் டாக்டர்கள் ஒன்பது பேரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தேன். தம்பியின் கருப்புச் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன்.

போதகருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் சிங்கத்தின் அம்மாவை அழைத்து வந்திருந்தார். அந்த அம்மா அதுவரை ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. சத்தம் அவள் காதுக்கு ஆகாது என்று மகன் வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தான். மேடையில் மாடிப்படி முடிந்து, உருட்டும் முடிந்து, ஜனங்கள் விம்மிக்கொண்டிருந்தபோது போதகர் அவள் கையைப் பிடித்து மேடையேற்றினார். "அன்னைக்குக் கை உடைஞ்ச தாய் இதோ!" என்றார். நாலாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். சிங்கத்தின் முகம் என் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்தது.

போதகர் மைக்கை அவள் வாயருகே நீட்டி, "மகன மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் அந்த அம்மா.

"உங்களப் படியில தள்ளிவிட்டதுக்கு."

"இவனா? என்னையா? எங்க வீட்டுல மாடியே கிடையாதுங்களே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். போதகர் விட்டிருக்கலாம். விடவில்லை. "சாத்தான் மறக்க வைக்கிறான்" என்று சொல்லிவிட்டு, பூனை ரத்தத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஐயோ, பூனை முடி பட்டாலே இவனுக்கு மூச்சு முட்டும்! மருந்து எப்பவும் பையிலதான் வெச்சிருக்கான், பாருங்க!" என்று மகனின் சட்டைப்பையிலிருந்து அந்த உறிஞ்சும் மருந்தை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். பெற்ற பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. சிரிப்பு அலையலையாக வந்தது. கூட்டத்தில் நானும் ஒருத்தி, வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிங்கம் மைக்கைப் பிடுங்கினான்.

"கதை பொய்யில்ல! நடந்ததுதான்! இவனுக்கு நடந்தது! அக்காவத் தள்ளினவன் இவன்தான்!" என்று கையை நீட்டி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பியைக் காட்டினான்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. நாலாயிரம் தலை ஒன்றாகத் திரும்பின. போதகருக்கு மட்டும் உயிர் வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. "வாங்க தம்பி, வாங்க! பயப்படாம உங்க வாயாலயே சொல்லுங்க!" என்று கூப்பிட்டார்.

தம்பி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவர் சொன்னது சரிதான். தள்ளுனது நான்தான். எங்க அக்காவ."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

"இப்ப விடுதலை ஆயிட்டீங்களா? சபைக்குச் சத்தமா சொல்லுங்க!" என்றார் போதகர்.

"இல்லீங்க. இன்னைக்குக் காலையிலகூடக் குடிச்சேன்."

எங்கோ ஒருவர் பழக்கதோஷத்தில் அல்லேலூயா என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிவிட்டார். அதற்குப் பிறகு மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான். பூனை ரத்தம் குடித்தவனைக் கட்டிக்கொண்டு அழுத ஜனங்கள், காலையில் குடித்துவிட்டு வந்தவனிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். போதகர் மைக்கைத் தன் கையில் வாங்கி, துண்டுத்தாளில் பதினாலாம் பாட்டைப் பாடச் சொன்னார். அந்த இரண்டு வருஷத்தில் இவர்கள் ஏறிய மேடைகளில் சொல்லப்பட்ட ஒரே நிஜமான சாட்சி அது, அதற்குத்தான் யாரும் எழுந்து நிற்கவில்லை.

குழு கலைந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மருமகன் முடியை வெட்டிக்கொண்டு ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மெதுவான பாட்டுச் சொல்லித் தருகிறான். மெக்கானிக் பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டான். சிங்கம் கண்ணாடிக் கடையில், தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சிங்கத்தைச் சிங்கமாக்கிய போதகருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு எப்போதுமே ஒன்றும் ஆவதில்லை. இவர்களை எண்ணி எண்ணி ஏளனம் செய்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு மண்டபத்தின் பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்தில் தம்பியைத் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு யாரையும் ஏளனம் செய்யத் தோன்றவில்லை. அவன் டிரம்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். வெயில் கொளுத்தியது. இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்துடா?"

"மூணு வாரமா." என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்: "காலையில சட்டையக் குடுத்தப்ப பக்கத்துல வந்து காலரை இழுத்து விட்டியே. உனக்கு வாசனை வரலயாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

மண்டபத்துக்குள் பதினாலாம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் என் ஒன்பது டாக்டர்களும் குடும்பத்தோடு எழுந்து நின்று பாடிக்கொண்டிருப்பார்கள்.

"நாலாயிரம் பேர் வர்றாங்கன்னு சொன்னியேடா" என்றேன்.