ஃப்ரிட்ஜில் வைத்த ரத்தம்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது: 7.9. என் ரத்தத்தில் இருந்த பொட்டாசியத்தின் அளவு; ஐந்தைத் தாண்டக் கூடாதாம். முதலில் 'இளங்காலைப் பொழுதொன்றில்' என்று தொடங்கி… (சீ, வேண்டாம். அடித்துவிட்டேன்.)

"நடந்தா வந்தீங்க?" என்றார் டாக்டர். "இந்த அளவுக்கு இதயம் நின்னிருக்கணுமே!"

வருடா வருடம் செய்கிற சோதனைதான். மூன்று மாடி ஏறி வந்திருந்தேன். செத்தவள் படியேறுவாளா?

2

(அறிவியல் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டலாம். பிறகு கதை புரியவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது.)

ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய சவ்வு. அதில் குட்டிக் குட்டி பம்புகள்*. வெளியே கசியும் பொட்டாசியத்தை ஓயாமல் உள்ளே இழுத்துப் போடுகின்றன. குளிரில் பம்ப் படுத்துவிடும். கசிவு மட்டும் நிற்காது; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும்.

*மோட்டார் இல்லை, புரதம். எனக்கும் நேற்றுதான் தெரியும்.

3

மறுபடி ரத்தம் எடுத்து உடனே பார்த்தார்கள்: 4.2. குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

முதலில் ரத்தம் எடுத்தவள் என் தங்கை. பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்து ஒரு வாரம். "அக்கா ரத்தமாச்சே, கெட்டுப்போயிடக் கூடாதுன்னு சாயங்காலமே ஃப்ரிட்ஜ்ல வெச்சேன்" என்றாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். [முடிவு ஒன்று: இருவரும் சிரிக்கிறார்கள்.]

அவள் சிரிக்கவில்லை.

"உன்னோடது மட்டும் இல்லக்கா. சாயங்காலம் வந்த எல்லாத்தையும் அப்படித்தான் வெச்சேன். இன்னும் பதினோரு பேரு."

4

பொய்யான எண்ணுக்கு உண்மையான மருந்து கொடுப்பார்கள். பொட்டாசியத்தை இழுத்துச் செல்லுக்குள் தள்ளுகிற ஊசி. எல்லாம் சரியாக இருக்கிறவருக்கு அதைப் போட்டால்… (இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.)

"இதை எழுதாதேக்கா. வேலை போயிடும்."

"உசிரு போனா?"

ஐயோ, கூடப் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது! கேட்டுவிட்டேன்.

[முடிவு இரண்டு: பதினோரு பேரும் நலம்.] நம்ப ஆசைதான். [முடிவு மூன்று:] எழுதினேன், கிழித்துப்போட்டேன்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். முதல் பெயருக்கு நேரே இருந்த போன் நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் போன் அடித்தால், தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதீர்கள். எடுங்கள். எடுத்துச் சொல்லுங்கள்: அங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா?