அப்புசாமி தரையை விட்டு எழும்பிய வருஷம்

1996 ஜூலையில், உயிரோடிருந்த அப்புசாமி கம்ப்யூட்டரில் இறந்துபோனார். அதே மாலை, பத்து பெரண்டாம் என்ற ஊரில் அவர் காவல் வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் அவருடைய கால்கள் தரையை விட்டு ஒரு முழம் உயர்ந்தன. கூட நின்ற மாயாண்டி, "அண்ணே, கால் தரையில இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குக் கதவைத் திறந்தார்.

மெர்லிமாவ் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் நலத்துறை அலுவலகத்தில் அப்போதுதான் பழைய ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அலுவலக எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஜெயமணி இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்து வேலாயியின் கணவர் அப்புசாமி ஒருநாள் காலை பஸ் ஏறிப் போனவர், திரும்பவில்லை. மகள் தேவிஸ்ரீயால் நடக்க முடியாது. பழைய கிராணி இதையெல்லாம் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கோ மணமானவர், விவாகரத்தானவர், விதவை என்ற மூன்று மட்டுமே தெரியும். முதலாவதைத் தட்டினால் மகளுக்கு மாதாமாதம் வரும் உதவிப் பணம் நின்றுவிடும். இரண்டாவது கோர்ட் தாள் கேட்டது. ஜெயமணி மூன்றாவதைத் தட்டினாள்.

கால் ஏன் எழும்பியது என்று அப்புசாமி விசாரித்து விசாரித்து அந்த அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தபோது, காற்றாடி அவரைப் பக்கத்துக் கவுன்டருக்குத் தள்ளிக்கொண்டு போனது. அதிகாரி காற்றாடியை நிறுத்தச் சொன்னார், எல்லோருக்கும் வியர்த்தது. தன்னை மறுபடி உயிரோடு போடும்படி அப்புசாமி கேட்டார். போடலாம், மகளுக்கு வரும் உதவி நின்றுவிடும் என்றாள் ஜெயமணி. அவர் போனபோது மகள் கைக்குழந்தை. அவளால் நடக்க முடியாது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்.

ஆள் அனுப்பியதும் வேலாயி வந்தாள். முதலில் அவர் கால்களைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தை.

"முடிவு உங்களுதுதான் அக்கா" என்றாள் ஜெயமணி.

"உயிரோட இருக்காருன்னு போடும்மா. ஆனா இத்தன வருஷம் எங்க இருந்தாருன்னும் போடணும். அதுக்கு இடம் இருக்கா அதுல?"

இல்லை என்றாள் ஜெயமணி.

"அப்ப இடம் வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்லா."

மூன்றாவதைத் தட்டியதை மறைக்காமல், நாலாவதாக ஓர் இடம் கேட்டு ஜெயமணி தலைமையகத்துக்கு எழுதினாள். அதற்காக அதிகாரியிடம் திட்டு வாங்கினாள், மறுபடியும் எழுதினாள். அப்புசாமி மெர்லிமாவில் அறை எடுத்துக்கொண்டு, கிளினிக் நாட்களில் மகளைத் தூக்கிப்போக வந்தார். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார்சைக்கிள்கள் சறுக்கின. அவர் சேற்றுக்கு மேலே போனார். படகில் போவதுபோல இருக்கிறது என்றாள் தேவிஸ்ரீ. வேலாயி குடையோடு பின்னால் நடந்தாள்.

1999இல் வந்த புதிய சிஸ்டத்தில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று ஓர் இடம் இருந்தது. இத்தனை வருஷம் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு மட்டும் இடம் இல்லை. ஜெயமணி அன்று காலை முதல் வேலையாக அதைத் தட்டினாள். உதவி நிற்கவில்லை. அப்புசாமி கீழே இறங்கினார். ஆனால் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டார். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர் வந்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தீபாவளிக்கு வேலாயி வாசலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. மிச்சமிருந்த ஒரு விரற்கடையைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. அவர் செருப்பு தேயாததால் செருப்புக்கடை வீரப்பனுக்கு மட்டும் கொஞ்சம் குறை.