சொல்லாத இரண்டு விநாடி

விமானக் கம்பெனியில் கேப்டனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கல்லுளிமங்கன். ஒரே சீட் உள்ள போர் விமானத்தில் பத்து வருஷம் தன்னந்தனியாகப் பறந்தவர். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தாலும் பேச்சு வராது. கேட்டால், "பேசினா பெட்ரோல் மிச்சமாகுமா?" என்பார்.

அன்று துணை விமானியாக வந்து உட்கார்ந்த பெண்ணின் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விமானப் படையில் அவருக்கு முன்னால் பறந்து வழிநடத்திய லீடரின் மகள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மேகத்துக்குள் லீடரின் விமானத்தை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தார். பின்னால் பறப்பவன் லீடர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. இவர் கண்ணை எடுத்தார். மேகம் விலகிய சந்தில் எதிரே மலை; கருவிகளைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த லீடர் அதைக் கவனிக்கவில்லை. சட்டென்று மேலே ஏறித் தப்பித்துக்கொண்டார். வாயை மட்டும் திறக்கவில்லை. 'ஏறுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லீடரும் பிழைத்திருப்பார். அப்புறம் விசாரணையில், ரேடியோவில் கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை என்று வாய் கூசாமல் சொன்னார். லீடரின் மனைவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. இந்தப் பெண் அதைப் பற்றிப் பேச்செடுத்துவிடக் கூடாதே என்பதுதான் இன்றைக்கு அவருடைய கவலையெல்லாம்.

இறங்கும்போது மழை கொட்டியது. ஓடுபாதை தெரிந்தாக வேண்டிய உயரம் வந்தும் தெரியவில்லை.

"கோ அரவுண்ட்" என்றாள் அவள். இறங்காதே, திரும்ப ஏறு என்று அர்த்தம்.

அவருக்குக் கீழே விளக்குகள் தெரிந்தன. இன்னும் ஒரு நொடி பார்ப்போமே என்று இறக்கிக்கொண்டே போனார்.

"சார், அது ரோடு. நீங்க ஏத்தலைன்னா நான் ஏத்துறேன்."

ஏற்றினார். ரோடுதான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாம் முறை நல்லபடியாக இறங்கினார்கள். தாமதமாகிவிட்டதென்று நூற்றெண்பது பேரும் திட்டிக்கொண்டே போனார்கள். நன்றாகத் திட்டட்டும், உயிரோடு இருப்பவன்தானே திட்டுவான்.

"என்னை எதிர்த்துப் பேச பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அப்பாவைக் காப்பாத்த நீங்க கடைசி வரைக்கும் கத்தினீங்கன்னு அம்மா சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தாங்க. யாரா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"நான் கத்தலைம்மா. மலையைப் பார்த்தேன். நான் மட்டும் ஏறிட்டேன்."

அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"சொல்ல நேரம் இருந்துச்சா?"

"ரெண்டு விநாடி இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அம்மா, இறங்கிட்டேன். ஆமா, அவர் கூடத்தான். தர்றேன்" என்றவள் போனை அவரிடம் நீட்டினாள். "இதை நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களே சொல்லுங்க."

வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி, நல்லா இருக்கியாப்பா? எங்க போயிட்ட இத்தனை வருஷமா? உன்னை நினைக்காத நாளே இல்லப்பா."

"அண்ணி," என்றார், "நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."