கடலுக்குப் போன கையெழுத்து

காசு போட ஒருவர் போதும், எடுக்க மூன்று பேர் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வங்கிக் கணக்கை அப்படித்தான் திறந்திருந்தார்கள். ஊரில் பாதி பள்ளிவாசல் பக்கம், பாதி தேவாலயத்துப் பக்கம். யாரோ தனியாகப் போய் எடுத்துவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு நாக்குப் புரளக் கூடாது அல்லவா? அதனால் பள்ளிக்கூட அதிபர் கௌசல்யா டீச்சர், பொருளாளர் அஸ்ரியா, செயலாளர் கில்பட் ஆகிய மூவரும் ஒன்றாக வந்து கையெழுத்து வைத்தால்தான் காசு என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல புத்திதான். ஆனால் கில்பட் மீன்பிடிக்கிறவர், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் கடலில் நிற்கிறவர் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கணக்குத் திறந்த அன்று கடுங்காற்று. அதனால்தான் அவர் கரையில் அகப்பட்டார்.

இப்போது அந்தப் புத்தி ஊரின் கழுத்தைப் பிடித்தது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வலைப்பந்தில் மாவட்டத்தை வென்றிருந்தார்கள், நாளை விடிந்தால் குருணாகலில் மாகாணப் போட்டிக்குப் போக வேண்டும். அஸ்ரியாவின் மகள் ரிஃப்காவும் அந்த அணியில் இருந்தாள். சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டு இரண்டு நாளாகத் தூங்காமல் திரிந்தாள். இந்த நேரம் பார்த்து, காலையில் பஸ்காரர் நௌஃபர் அஸ்ரியாவுக்குப் போன் எடுத்தார். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் முழுக் காசோடு வாசலில் நிற்கிறார்களாம். பிள்ளைகளின் பயணம் என்பதால் மூன்று மணிவரை பார்ப்பாராம், அதற்குள் முற்பணம் வராவிட்டால் தன்னைக் குறை சொல்ல வேண்டாமாம். திருவிழாக் காலத்தில் வேறு பஸ்ஸுக்கு எங்கே போவது?

சங்கத்துக் காசை வீட்டில் வைத்திருப்பது சரியில்லை என்று, சேர்த்ததை எல்லாம் முந்தின நாள்தான் அஸ்ரியா ஓடிப் போய் வங்கியில் போட்டிருந்தாள். அந்த நேர்மைக்கு இது கூலி. கௌசல்யா டீச்சரை வங்கிக்குப் போய் இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, கில்பட்டின் நம்பருக்கு அடித்தாள். எடுத்தது அவருடைய மனைவி எமிலியா. அந்தப் போன் கடலுக்குப் போவதில்லை, அலுமாரிக்கு மேலேதான் இருக்கும் என்று அவள் சிரித்தாள். செய்தியைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கணவன் ஜௌபரின் ஓட்டோவில் அஸ்ரியா கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எமிலியா கில்பட்டின் தம்பியுடைய போட்டைத் தள்ள ஆள் பிடித்துவிட்டிருந்தாள். தோளில் ஒரு பை. அதற்குள் கில்பட்டின் அடையாள அட்டையும் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் இருந்தன. வலை போட்ட இடம் தனக்குத் தெரியும், அஸ்ரியா கரையிலே நிற்கட்டும் என்றாள். நிற்க முடிந்தால்தானே? பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தபடி இருந்தும் போட்டில் கால் வைக்காத அஸ்ரியா, வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அபாயாவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

போட் அலைமேல் ஏறி ஏறி விழுந்தது. ஒவ்வொரு விழுதலுக்கும் அவள் பிஸ்மி சொன்னாள். உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. பயந்தாளா என்றால் பயந்தாள்தான், ஆனால் அதைவிடச் சந்தோசமாகவும் இருந்தது. எமிலியாவோ முன்னால் நின்று, போட்டை ஓட்டிய கில்பட்டின் தம்பிக்குக் கையால் வழி காட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் என்றால் முதல் ஆளாக வருகிறவள் இவள்தான். காசு சேர்க்க வீடு வீடாக நடந்தவளும் இவள்தான். அப்படியிருக்க, கரையில் நிற்கிற இவளை விட்டுவிட்டு, கடலில் நிற்கிற மனிதனின் பெயரைப் போட்டோமே என்று அஸ்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது. தான்கூட அன்று வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டு பெண்கள் போட்டில் வருவதைக் கண்ட கில்பட், யாரோ செத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல," என்றாள் எமிலியா. "பேங்குக்கு வாங்க."

வலை தண்ணீரில் கிடக்கிறதே என்றார் அவர். பிள்ளைகளின் பஸ் போகப் போகிறது என்றாள் அவள். தம்பியை வலைக்கு விட்டுவிட்டு இந்தப் போட்டுக்குத் தாவினார். திரும்பி வந்த வேகத்தில் அஸ்ரியாவுக்கு பிஸ்மி சொல்லவும் நேரம் கிடைக்கவில்லை.

வங்கியில் கௌசல்யா டீச்சர் வேறொரு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் இருப்பவருக்கு இலக்கத்தை மாற்றிக் கொடுத்து, அவருடைய இலக்கத்தை வாங்கிக்கொண்டு, கதிரையை விடாமல் உட்கார்ந்திருந்தார். மாற்றிக் கொடுக்க இனி ஆளில்லை என்ற நேரத்தில் கடலிலிருந்து வந்த மூவரும் உள்ளே வந்தார்கள். மேலே வெள்ளைச் சட்டை, கீழே நனைந்த சாரம். கில்பட் நின்ற இடமெல்லாம் தண்ணீர். மூன்று கையெழுத்தும் விழுந்தன. காசு கைக்கு வந்ததும் அஸ்ரியா வாசலுக்கு ஓடி ஜௌபரிடம் கொடுத்து நௌஃபரிடம் விரட்டினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பஸ் நமக்குத்தான். டீச்சர் என்றும் பாராமல் அவள் கௌசல்யாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுத்த தடவையும் இப்படித்தானா என்று காசாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். கில்பட் சிரிக்கவில்லை.

"என்ட பேர வெட்டிப் போட்டு எமிலியாட பேரப் போடுங்க. வேல செய்யிறது அவ. பேர் மட்டும் எனக்கு எதுக்கு?"

அதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும் என்றார் காசாளர். கூட்டம் கூட்ட இன்னும் எத்தனை மாதம் பிடிக்குமோ என்று அஸ்ரியா பெருமூச்சு விட்டாள். ஆனால் கௌசல்யா டீச்சருடைய முகம் மலர்ந்தது. சங்கத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நாளைக்கு ஒரே இடத்தில் இருப்பார்கள், எழும்பிப் போகவும் முடியாது என்றார்.

மறுநாள் விடிந்ததும் மதுரங்குளி தாண்டிய கையோடு, பிள்ளைகளின் பாட்டை நிறுத்திவிட்டு, பஸ் கம்பியைப் பிடித்தபடி டீச்சர் கூட்டத்தை ஆரம்பித்தார். கடலுக்குப் போகாமல் வந்திருந்த கில்பட் முன்மொழிந்தார். அஸ்ரியா தொண்டை கிழிய வழிமொழிந்தாள். பெற்றோர் எல்லோரும் கை தூக்கினார்கள், வாக்கே இல்லாத ரிஃப்காவும் கூட்டாளிகளும் இரண்டு கையையும் தூக்கினார்கள். நௌஃபரும் ஒரு கையைத் தூக்க, ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி பஸ்ஸே கத்தியது.

எமிலியாவுக்குச் சம்மதமா என்று டீச்சர் கேட்டார். அவள் முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

"ஓம்," என்றாள். பிறகு பக்கத்தில் இருந்த அஸ்ரியாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "தங்கச்சி, பேங்கு காலையில எத்தின மணிக்குத் துறக்கும்?"

ஒன்பதுக்கு என்றாள் அஸ்ரியா. அப்படியென்றால் எட்டரைக்கே வந்து வாசலில் நிற்பதாக எமிலியா சொன்னாள்.