முட்டுக்கம்புகளுக்கு நடுவே ஒரு வரவேற்புரை

சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சேகரக் கோயிலைப் புதுமாதிரியாகக் கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், அதை ஒட்டி ஒரு சமுதாயக் கூடம் எழுப்பலாம் என்று முதலில் சொன்னவர் கமிட்டிச் செயலாளர் தேவாசீர்வாதம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபையார் அதை மறந்துவிடாதபடி வாரம் ஒருமுறை அவரே ஞாபகப்படுத்தியும் வந்தார்.

கூடத்தின் முதல் விருந்து தம் மகள் ஜெயசீலியின் கல்யாண விருந்தாக இருக்க வேண்டும். அதில் பதினான்கு பக்க வரவேற்புரையைத் தாம் வாசிக்க வேண்டும். அம்புட்டுத்தான் அவர் ஆசை. சிவகாசியில் அடித்த அழைப்பிதழில் மணமக்கள் பேரைவிடக் கூடத்தின் பேர் பெரிய எழுத்தில் இருந்தது.

சிமெண்டு பர்மிட் தாமதமானது, மழையும் சேர்ந்துகொண்டது. கூரைக்குக் காங்கிரீட் போட்டபோது கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள். கூரையைத் தாங்கும் முட்டுக்கம்புகளை மூன்று வாரத்துக்கு அசைக்க முடியாது என்றார் கொத்தனார் சங்கையா.

"நாப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்கிட்ட நாளை எண்ணிக் காட்டுறீரா?"

"காங்கிரீட்டு உங்க பள்ளிக்கூடத்துல படிக்கலையே ஐயா."

தேவாசீர்வாதம் கமிட்டியைக் கூட்டினார். காங்கிரீட் இறுகிவிட்டதாக ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைக் கொண்டுபோய் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு? கூரைக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றார் சங்கையா.

விருதுநகரில் நர்சாக இருந்த ஜெயசீலிதான் முடித்துவைத்தாள். "மாவுக்கட்டுப் போட்ட காலைப் பாதியில அவுத்துவிட்டு ஓடச் சொல்லுவோமாப்பா? முட்டு நிக்கட்டும். எடுத்தீகன்னா கல்யாணத்தை மாப்பிள்ளை ஊர்லயே வச்சுக்கிடுதோம்."

முட்டு நின்றது. கோயிலில் கல்யாணம் முடிந்து ஜனம் கூடத்துக்குள் நுழைந்தால் சவுக்குத்தோப்புக்குள் புகுந்ததுபோல் இருந்தது. முன்வரிசை எது என்று யாருக்கும் தெரியவில்லை. கைப்பிள்ளைகளோடு வந்திருந்த தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்களுக்கு மட்டும் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. குறுக்குக் கம்புகளில் சேலையைக் கட்டினார்கள். கால்மணி நேரத்தில் பத்தொன்பது தொட்டில்.

தேவாசீர்வாதம் ஒரு முட்டில் கையை ஊன்றித் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அதுல சாயாதீக" என்றார் சங்கையா.

"பிள்ளைகளைத் தொங்க விட்டிருக்கே?"

"அது கைப்பிள்ளைக. நீங்க பெரிய மனுசன்."

கையை எடுத்துக்கொண்டு, "பேரன்புமிக்க சபையோரே" என்று முழங்கினார். பக்கத்துத் தொட்டில் வீரிட்டது.

"இப்பத்தான் கண்ணசந்துச்சு, கெடுத்துட்டீகளே" என்றாள் தாய்க்காரி வெள்ளைத்தாய். "பந்தியில எடம் போயிரும், நான் உக்காரணும். ரெண்டு ஆட்டு ஆட்டிக்கிட்டே பேசுங்க." தொட்டில் சேலையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு கையில் பதினான்கு பக்கம், மறுகையில் தொட்டில். பக்கத்தைத் திருப்பச் சேலையை விட்டால் பிள்ளை சிணுங்கியது, பிடித்தால் அடங்கியது. வெள்ளைத்தாய் இரண்டாம் தடவை ரசம் வாங்கும்வரை, தேவாசீர்வாதம் முதல் பக்கத்தையே தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளை நன்றாகத் தூங்கியது.