மேப்பு காட்டிய குருசுக்குப்பம்

“நேத்து பதினோரு மணிக்கு எங்கம்மா இருந்த?” மேலாளர் தணிகாசலம் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“லாஸ்பேட்டைல சார். ராஜாம்பாள் அம்மா வூட்ல ஃபில்டர் மாத்திக்கினு இருந்தேன்.”

“மேப்பு குருசுக்குப்பம்னு காட்டுது. உங்க அம்மா வூடு அங்கதான? மீன் கொழம்பு நல்லா இருந்துச்சா?”

பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடுவீடாகப் போய்க் குடிநீர்க் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. அவள் போனில் இருக்கும் கம்பெனி ஆப், அவள் போகும் இடங்களை மேலாளரின் மேப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். போகாத வீட்டுக்குப் போனதாகச் சொன்னாள் என்று பதிவானால் அன்றோடு வேலை போய்விடும்.

“அந்தம்மாவையே கேளுங்க.”

“அந்தம்மா போன வாரம்தான் உங்க குப்பத்துலருந்து லாஸ்பேட்டைக்குக் குடிபோச்சு. உனக்கு சாதகமாத்தான சொல்லும்?”

குடிபோனது என்றதும் அவளுக்குப் பொறி தட்டியது. “வாங்க சார், அங்கயே போலாம். உங்க போனு இன்னா சொல்லுதுன்னு பாப்போம்.”

வெட்டவெளியில் போன், செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடும். கான்கிரீட் கூரைக்கு அடியில் அது சரியாக எட்டாது. அப்போது பக்கத்தில் என்னென்ன வைஃபை பெட்டிகள் இருக்கின்றன என்று தேடும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண் எந்தத் தெருவில் என்ற பட்டியல் மேப்பை நடத்துகிறவர்களிடம் இருக்கும். ராஜாம்பாள் வீடு மாறியபோது தன் பெட்டியையும் எடுத்து வந்துவிட்டார். பட்டியலில் அது இன்னும் பழைய தெருவிலேயே இருந்தது. புது வீட்டைச் சுற்றிலும் காலி மனைகள். திருத்திச் சொல்ல வேறு பெட்டியும் இல்லை.

ராஜாம்பாளின் சமையலறையில் தணிகாசலத்தின் போன் சற்றுத் தடுமாறியது. பிறகு நீலப்புள்ளி ஒரே தாவாகத் தாவிக் குருசுக்குப்பத்தில் போய் நின்றது.

“மீன் கொழம்பு ஊத்தட்டுமா சார்?”

ராஜாம்பாள் வாய்விட்டுச் சிரித்தார். தணிகாசலத்தின் முகம் கறுத்தது.

“செரி, நேத்து பதிவ அழிச்சுடறேன். ஞாயித்துக்கிழம நாலு மணிநேரம் காலாப்பட்டுல இருந்தியே, அதுவும் பெட்டி செஞ்ச வேலையா?”

“அது என் லீவு நாளு. அதையும் பாத்தீங்களா?”

“எந்நேரமும் பாப்போம்னு ஆப்பு ஒப்பந்தத்துல போட்டிருக்குது. சம்மதம்னு நீதான அழுத்துன?”

“நாப்பது பக்கம், இங்கிலீஷ்ல. அழுத்தலன்னா ஆப்பே தொறக்கல.”

நிறுவனத்தின் ஒப்பந்தம் வேறு, போன் தரும் அனுமதி வேறு. முதலாவதில் அவளால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. இரண்டாவது அவள் விரலில் இருந்தது. போனும் அவள் சொந்தப் போன். இருப்பிட அனுமதியில் ‘எப்போதும்’ என்றிருந்ததை ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று அவர் கண்ணெதிரிலேயே மாற்றினாள்.

“திருப்பி மாத்து. இல்லன்னா டூல்ஸ் பைய வெச்சிட்டு நடைய கட்டு.”

அவள் தன் காசில் வாங்கிய ஸ்பேனரை மட்டும் உருவிக்கொண்டு, கம்பெனிப் பையை அவர் காலடியில் போட்டாள்.

“அடுத்த ஃபில்டர் ஆறு மாசத்துல மாத்தணும்,” என்று ராஜாம்பாளிடம் சொன்னாள். “எனக்கே போன் பண்ணுங்கம்மா.”