எண்பத்தோராவது தாள்

"நீ எந்த இயர்?" என்று அந்த அக்கா கேட்டபோது, ஜெராக்ஸ் மிஷினுக்குள் சிக்கிய தாளை நான் இழுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடை பல்கலைக்கழக வாசலில் இருந்தது. அங்கே நிற்கும் பெண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வருஷத்தில்தான் இருப்பார்கள். ஒன்பதாவதோடு நின்றவள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"அவ இங்க வேலை செய்யறவம்மா. வாயத் தெறந்தா முத்து கொட்டிடும்னு மூடியே வெச்சிருப்பா" என்றார் முதலாளி.

அக்கா ஆராய்ச்சி மாணவி. போனில் பாடம் படிக்க மாணவர்களுக்கு எவ்வளவு சம்மதம் என்பதுதான் ஆராய்ச்சி. நகல் எடுக்க வருகிறவர்கள் நிரப்பட்டும் என்று நூறு கேள்வித்தாள்களைக் கடையில் வைத்தாள். வந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே! ஒரு மாதத்தில் இருபதுதான் தேறியது.

கெடு நெருங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "மீதி எண்பதையும் நீயே டிக் பண்ணிடேன், ப்ளீஸ்மா. போன்லயே படிச்சுப் பத்தாவது முடிக்கிற வகுப்பு எங்க டிபார்ட்மென்ட்ல நடக்குது. உன்னைச் சேர்த்து விடறேன்."

"நிஜமாவாக்கா?"

"சத்தியமா."

முதல் பத்துத் தாளிலும் 'மிகவும் சம்மதம்' என்றே குறித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாரும் ஒரேயடியா தலையாட்டினா எங்க சார் நம்புவாரா? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற ஆளுங்களையும் கொஞ்சம் போடு."

அதனால் ஆட்களை உண்டாக்கினேன். கண் வலிக்காரி ஒருத்தி. சிக்னல் கிடைக்காத விடுதிக்காரன் ஒருவன். வாத்தியார் எதிரில் இல்லாவிட்டால் தூங்கிவிடுகிற இன்னொருவன். பேனாவை மாற்றினேன், இடது கையாலும் எழுதினேன்.

எண்பதும் முடிந்தபின், வெறும் கேள்வித்தாள் ஒன்றை எனக்காக நகல் எடுத்தேன். வயது பத்தொன்பது. 'பிற கருத்துகள்' என்ற இடத்தில் எழுதினேன்: 'பள்ளிப் பாடம் போனுக்கு மாறியபோது எங்கள் வீட்டில் ஒரே போன். அதை அண்ணனிடம் கொடுத்தார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவன் பாடத்தைக் கேட்டேன். இப்போது கிடைத்தாலும் படிப்பேன்.'

மறுநாள் அக்கா தாள்கட்டைப் புரட்டினாள். "அட, கையெழுத்தெல்லாம் மாத்திப் போட்டிருக்கியே! கில்லாடிடீ நீ." கடைசித் தாளில் கை நின்றது. "இது யாரு?"

"நான்தான்கா."

"நீ யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட் இல்லயேம்மா. இது செல்லாது." அந்தத் தாளை மட்டும் உருவிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"அந்த வகுப்பு..."

"கேட்டுச் சொல்றேன். ஆனா அதுக்குச் சொந்தமா போன் வேணும். உங்கிட்ட இருக்கா?"

இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளே நேற்று முதலாளியின் போனில்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

அந்தக் கடையில் நானாக யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"மத்த எண்பதும் செல்லுமாக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கட்டைத் தட்டி ஓரம் சேர்த்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். படியிறங்கி, வாசலைத் தாண்டி, பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்டாள்.